பெயரில்லாப் போரில் மருத்துவர்

பசுக்களும் பெண்டிரும் பிணியாளரும் பாதுகாப்பான இடம் சேரட்டும் என்று அறிவித்த பின்பே அம்பு தொடுத்த பாண்டியனைப் புறநானூறு போற்றுகிறது. இருபதாம் நூற்றாண்டிலோ, போர் என்ற பெயரையே ஏற்காத போர்கள் மலிந்தன. 1950-இல் மூண்ட கொரியப் போரை அமெரிக்க அரசு 'காவல் நடவடிக்கை' என்றே குறித்தது. 1964 முதல் 1973 வரை லாவோஸ் நாட்டின்மீது பொழியப்பட்ட குண்டுகளைப் பற்றி அமெரிக்க மக்களே நெடுங்காலம் அறியாதிருந்தனர். பெயரை மறைத்தால் புண் மறைந்துவிடுமா?

இதற்கு 1949-ஆம் ஆண்டின் ஜெனிவா உடன்படிக்கை விடை கூறுகிறது. போர்நிலையை ஒரு தரப்பு ஒப்புக்கொள்ளாவிடினும் உடன்படிக்கை செல்லும் என்பது அதன் இரண்டாம் பிரிவு. காயமுற்றோருள் முதலில் யாரைக் கவனிப்பது என்பதை மருத்துவ அவசரம் ஒன்றே தீர்மானிக்க வேண்டும் என்பது முதல் உடன்படிக்கையின் பன்னிரண்டாம் பிரிவு. நம்மவனா, பகைவனா என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

ஏட்டில் எழுதுவது எளிது. களத்தில் நிற்பது அரிது. இந்தியா கொரியாவுக்குப் போர்ப்படையை அனுப்பவில்லை. லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ் தலைமையில் 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவை அனுப்பியது. 1950 டிசம்பரில் பியாங்யாங்கிலிருந்து படைகள் பின்வாங்கியபோது, அப்பிரிவினர் தம் மருந்தையும் கருவிகளையும் கைவிட மனமின்றி, பழைய நீராவி எஞ்சின் ஒன்றைத் தாமே இயக்கி, பாலம் தகர்க்கப்படுமுன் ஆற்றைக் கடந்தனர். 1951 மார்ச் 23 அன்று முன்சானில் அமெரிக்கப் படையினருடன் பன்னிருவர் வான்குடையில் குதித்தனர். பிரிவின் ஒரு பகுதி போர்முனையிலும், மற்றொரு பகுதி தேகு நகரிலும் பணியாற்றிற்று. அந்நகரில் கொரியக் குடிமக்களும் சிகிச்சை பெற்றனர். ரங்கராஜ் மகாவீர் சக்கரம் பெற்றார்.

பல்லாண்டு புதுக்கோட்டையில் ஆசிரியனாயிருந்த நான் ஒன்று கண்டேன்: படை நடத்தியோர் பெயரைப் பிள்ளைகள் எளிதில் ஒப்பிப்பார்கள், காயம் கட்டியோர் பெயரைக் கேட்டால் வகுப்பு மௌனமாகிவிடும். மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்த இவ்வூரிலிருந்து மருத்துவம் பயிலச் செல்வோர் உங்களுள் பலர் இருப்பீர்கள். நோயாளியின் சாதியையோ கட்சியையோ கேளாமல், நோயின் கடுமையை மட்டும் நோக்கி, அடுத்து யார் என்று முடிவு செய்யும் துணிவு உங்களுக்கு வேண்டும். அத்துணிவைப் போர்க்களம் வந்து கற்பிக்கும்வரை காத்திராதீர்கள், வகுப்பறையிலேயே பழகிக்கொள்ளுங்கள்.