எரிவாயுக் கட்டணம் ஏறியது ஏன்? குளிரை எண்ணிப் பார்த்தால் தெரியும்

எரிவாயு என்றதும் நமக்குச் சமையலறைதான் நினைவுக்கு வரும். பிரிட்டனில் அப்படி இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ நான்கில் மூன்று வீடுகளைக் குளிர்காலத்தில் கதகதப்பாக வைத்திருப்பது குழாய் எரிவாயுதான். வீட்டிலுள்ள கொதிகலன் எரிவாயுவை எரித்து நீரைச் சூடாக்குகிறது. அந்த வெந்நீர் குழாய்கள் வழியாக ஒவ்வோர் அறையிலும் இருக்கும் ரேடியேட்டருக்குள் சென்று, வெப்பத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறது.

இதனால் ஜூலை மாதக் கட்டணத்தைவிட ஜனவரி மாதக் கட்டணம் பல மடங்கு கூடும். அதைக் கண்டு பயந்து வெப்பமூட்டலையே நிறுத்திவிடும் முதியவர்களும் உண்டு. அது ஆபத்தான சிக்கனம். குளிர் நாடுகளில் வீட்டுக்குள் வெப்பநிலை குறைந்தது 18 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதற்குக் கீழே போனால் இரத்த அழுத்தமும் மூச்சுக் கோளாறுகளும் கூடக்கூடும். ஆகவே கட்டணம் ஏறினால், முதலில் எது ஏறியது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். விலையா, குளிரா, வீட்டின் குறையா, நம் பழக்கமா?

மீட்டர் சொல்வது என்ன?

மீட்டர் எரிவாயுவின் கன அளவை மட்டுமே அளக்கிறது. கட்டணமோ ஆற்றலுக்கு, அதாவது கிலோவாட் மணிக்கு விதிக்கப்படுகிறது. ஒரு கன மீட்டர் எரிவாயுவில் சுமார் 11 கிலோவாட் மணி ஆற்றல் உள்ளது. புதிய மீட்டர்கள் கன மீட்டரில் அளக்கின்றன. பழையவை கன அடியில் அளக்கின்றன. நூறு கன அடி என்பது 2.83 கன மீட்டர். மீட்டரின் வகை தவறாகப் பதிவாகியிருந்தால் கட்டணம் கிட்டத்தட்ட மூன்று மடங்காகலாம், மூன்றில் ஒரு பங்காகவும் சுருங்கலாம். கட்டணச் சீட்டில் இருப்பது மீட்டரில் பார்த்த அளவா, நிறுவனம் உத்தேசமாகப் போட்ட அளவா என்பதையும் கவனிக்க வேண்டும். உத்தேச அளவை வைத்துக்கொண்டு இரண்டு குளிர்காலங்களை ஒப்பிட முடியாது.

குளிருக்கும் ஓர் அளவுகோல்

குளிரை எண்ணுவதற்குப் பொறியாளர்கள் ‘டிகிரி நாள்’ என்ற கணக்கை வைத்திருக்கிறார்கள். வெளியே சராசரி வெப்பநிலை 15.5 டிகிரிக்குக் கீழே போனால்தான் வீட்டைச் சூடாக்க வேண்டும் என்பது பிரிட்டனில் வழக்கமாகக் கொள்ளும் அடிப்படை. மீதிச் சில டிகிரிகளை மனிதர்களின் உடல் வெப்பமும் அடுப்பும் விளக்குகளும் வெயிலுமே ஈடுகட்டிவிடும். ஒரு நாளின் சராசரி 10.5 டிகிரி என்றால் அந்த நாளின் கணக்கு 5 டிகிரி நாள். இப்படி ஒவ்வொரு நாளையும் கூட்டினால் அந்த மாதம் எவ்வளவு குளிர்ந்தது என்பது ஒரே எண்ணில் கிடைத்துவிடும்.

மத்திய இங்கிலாந்தின் மாதாந்திர வெப்பநிலை 1659ஆம் ஆண்டிலிருந்து பதிவாகி வருகிறது. 2010 டிசம்பரில் அங்கே சராசரி வெப்பநிலை உறைநிலைக்கும் கீழே, மைனஸ் 0.7 டிகிரி. 2015 டிசம்பரிலோ 9.7 டிகிரி, அந்தப் பதிவிலேயே மிக வெதுவெதுப்பான டிசம்பர் அதுதான். கணக்குப் போட்டால் முதலாவது ஏறத்தாழ 502 டிகிரி நாள், இரண்டாவது 180. அதே வீடு, அதே குடும்பம், அதே பழக்கம் என்றாலும் வீட்டைச் சூடாக்கும் எரிவாயுவின் தேவை இவ்விரு மாதங்களுக்கு இடையே கிட்டத்தட்ட மூன்று மடங்கு வேறுபடும்.

பணம் மட்டும் பார்த்தால்

உதாரணத்துக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். குளியலுக்கும் சமையலுக்கும் மாதம் 250 கிலோவாட் மணி; வெப்பமூட்ட, ஒரு டிகிரி நாளுக்கு 4 கிலோவாட் மணி. 2010 டிசம்பர் போன்ற கடுங்குளிரில் இந்த வீட்டுக்குச் சுமார் 2,260 கிலோவாட் மணி தேவை. 2015 டிசம்பர் போன்ற மிதமான மாதத்தில் 970 போதும்.

இப்போது விலையைச் சேர்ப்போம். 2021 அக்டோபரில் பிரிட்டனில் ஒரு கிலோவாட் மணி எரிவாயு சுமார் 4 பென்ஸ். ரஷ்யா உக்ரேனுக்குள் படையெடுத்த பிறகு சந்தை விலை எகிறியது. 2022 அக்டோபரில் அரசாங்கம் மானியம் கொடுத்துத் தாங்கிப் பிடித்தும் 10.3 பென்ஸ். பழைய விலையில் கடுங்குளிர் மாதத்துக்குச் சுமார் 90 பவுண்டு. புதிய விலையில் மிதமான மாதத்துக்குச் சுமார் 100 பவுண்டு. நிலைக்கட்டணம் தனி. எரிவாயு பாதிக்கும் கீழே குறைந்த மாதத்தில்தான் பணம் அதிகம்! கட்டணத்தை மட்டும் பார்ப்பவர், வீட்டில் யாரோ வீணாக்குகிறார்கள் என்றே நினைப்பார்.

சரியாக ஒப்பிடும் வழி எளிது. கோடைக்கால மாதப் பயன்பாட்டைக் குளிர்கால மாதப் பயன்பாட்டிலிருந்து கழித்துவிடுங்கள். மிச்சத்தை அந்த மாதத்தின் டிகிரி நாள்களால் வகுத்துப் பாருங்கள். வரும் எண் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தால், வீட்டில் பெரிய மாற்றம் இல்லை. கட்டணம் ஏறியதற்கு விலையோ குளிரோ காரணம். அந்த எண்ணே ஏறினால்தான் கொதிகலனையும் சன்னல் இடுக்குகளையும் பார்க்க வேண்டும்.

பக்கத்து வீட்டோடு ஒப்பிடலாமா?

இந்த எண்ணைப் பக்கத்து வீட்டோடு ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும். வரிசை வீடுகளில் நடுவிலுள்ள வீட்டுக்கு இரு புறமும் அண்டை வீடுகள் போர்வைபோல் இருக்கும். முனை வீட்டுக்கு ஒரு பக்கச் சுவர் கூடுதலாகக் குளிரில் நிற்கிறது. விக்டோரியா காலத்து வீடுகளின் சுவர் முழுச் செங்கல். பிற்கால வீடுகளில் இரட்டைச் சுவரும் நடுவே இடைவெளியும் உண்டு. அதை வெப்பக்காப்புப் பொருளால் நிரப்ப முடியும். ஒரே தெருவில் இருப்பதால் மட்டும் இரண்டு வீடுகளும் ஒன்றாகிவிடா.

ஒரு டிகிரி குறைத்தால்?

அறையின் வெப்பநிலையை ஒரு டிகிரி குறைத்தால் 31 நாள் கொண்ட மாதத்தில் 31 டிகிரி நாள் குறையும். நம் உதாரண வீட்டுக்கு அது 124 கிலோவாட் மணி மிச்சம். மாதம் கடுங்குளிரா மிதமானதா என்பது இந்தக் கணக்கை மாற்றாது. 2022 விலையில் ஏறத்தாழ 13 பவுண்டு. 21 டிகிரியை 20 ஆக்குவதால் கிடைக்கும் சேமிப்பு இது. 18ஐ 17 ஆக்கினாலும் இதே 13 பவுண்டுதான், ஆனால் அங்கே விலையாகக் கொடுப்பது உடல்நலம்.

இன்னொரு வழியில் குளிர வேண்டியதே இல்லை. 2005 முதல் அங்கே பொருத்தப்படும் கொதிகலன்களில் பெரும்பாலானவை, எரிவாயு எரியும்போது உண்டாகும் நீராவியைக் குளிர்வித்து அதன் வெப்பத்தையும் மீட்பவை. ரேடியேட்டரிலிருந்து திரும்பும் நீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் இது நடக்கும். கொதிகலனிலிருந்து புறப்படும் நீரின் சூட்டைச் சற்றுக் குறைத்து வைத்தால், அறை கொஞ்சம் மெதுவாகச் சூடாகும், எரிவாயு மிச்சமாகும். பிரிட்டனில் படிக்கும் பிள்ளைகள் வாடகை வீட்டில் செய்யக்கூடிய முதல் வேலை இதுவே. வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யலாம்.