எத்தனை கிலோ பிள்ளை? குழந்தையின் எடையும் இனமும்

பிரசவ வார்டுக்குப் பிள்ளை பார்க்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஆணா, பெண்ணா?" அடுத்த கேள்வி, "எத்தனை கிலோ?"

மூன்று கிலோவுக்கு மேல் என்றால் எல்லார் முகத்திலும் மகிழ்ச்சி. இரண்டரைக் கிலோவுக்குக் கீழ் என்றால் சற்று நேரம் யாரும் பேசமாட்டார்கள். பிறகு ஒரு பெரியவர் சமாதானம் சொல்வார்: "நம்ம இனத்துப் பிள்ளைங்க இப்படித்தான் பிறக்கும். போகப் போகச் சரியாயிடும்."

இந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதி சில வேளைகளில் பிள்ளைக்கே ஆபத்தாக முடியும்.

கணக்கு என்ன சொல்கிறது?

பிறக்கும்போது 2,500 கிராமுக்குக் குறைவாக இருக்கும் குழந்தையை 'எடை குறைந்த குழந்தை' என்று உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. 1,500 கிராமுக்குக் கீழே போனால் மிகக் குறைந்த எடை. பெற்றோர் எந்த இனத்தவராக இருந்தாலும் இந்த அளவு ஒன்றுதான்.

மலேசியாவில் மலாய், சீன, இந்தியத் தாய்மார்கள் ஒரே மருத்துவமனையில், ஒரே மருத்துவரின் கவனிப்பில் பிள்ளை பெறுகிறார்கள். ஆனாலும் எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளின் விகிதம் இந்தியர்களிடையே அதிகமாக இருப்பதை இங்கு நடந்த ஆய்வுகள் தொடர்ந்து காட்டி வந்துள்ளன.

பிரிட்டனிலும் இதே கதைதான். அங்குள்ள தெற்காசியக் குழந்தைகள் வெள்ளையர்களின் குழந்தைகளைவிடச் சராசரியாக 200 முதல் 300 கிராம் வரை குறைந்த எடையில் பிறக்கின்றன. அங்கேயே பிறந்து வளர்ந்த தெற்காசியப் பெண்களின் பிள்ளைகளிடமும் இந்த வேறுபாடு பெரிதாக மறையவில்லை.

ஒல்லியான பிள்ளைக்குள் கொழுப்பு

இந்தியாவின் புனே நகருக்கு அருகிலுள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளையும், இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளையும் டாக்டர் யாக்னிக் குழுவினர் ஒப்பிட்டு, 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். புனே குழந்தையின் சராசரி எடை 2.7 கிலோ. சவுத்தாம்ப்டன் குழந்தையின் எடை 3.5 கிலோ.

இதில் வியப்பான செய்தி வேறு. புனே குழந்தைகளுக்குத் தசையும் வயிற்றுப் பகுதியின் சுற்றளவும் வெகுவாகக் குறைந்திருந்தன. தோலுக்கு அடியிலுள்ள கொழுப்போ அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்வைக்கு ஒல்லி, உள்ளே ஒப்பீட்டளவில் கொழுப்பு. பிற்காலத்தில் நம்மவர்களை இனிப்பு நீர் வியாதி அதிகமாகத் தாக்குவதற்கான அடித்தளம் தாயின் வயிற்றிலேயே போடப்படுகிறதோ என்ற கேள்வியை இந்த ஆய்வு எழுப்பியது.

ஆகவே, "எல்லாம் போகப் போகச் சரியாயிடும்" என்று விட்டுவிடக் கூடிய விஷயம் இல்லை இது.

இரத்தமா, வாழ்க்கையா?

அப்படியானால் எடைக் குறைவு நம் இரத்தத்திலேயே உள்ளதா? இதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு பாடம் உண்டு.

இல்லினோய் மாநிலத்தில் பிறந்த குழந்தைகளின் பதிவுகளை டேவிட், காலின்ஸ் என்ற இரு மருத்துவர்கள் ஆராய்ந்து 1997-இல் எழுதினார்கள். அமெரிக்காவில் பிறந்த வெள்ளையினத் தாய்மார்களின் குழந்தைகள் சராசரியாக 3,446 கிராம். அமெரிக்காவில் பிறந்த கறுப்பினத் தாய்மார்களின் குழந்தைகள் 3,089 கிராம். இனம்தான் காரணம் என்றால், ஆப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய தாய்மார்களின் குழந்தைகளும் அப்படித்தானே இருக்க வேண்டும்? அவர்களின் எடை 3,333 கிராம். வெள்ளையர்களின் அளவுக்கு நெருங்கி வந்திருந்தது.

ஒரே இனம், வாழ்ந்த இடமும் வாழ்ந்த விதமும் வேறு. தாய் சிறுமியாக இருந்தபோது என்ன சாப்பிட்டாள், எவ்வளவு உழைத்தாள், எவ்வளவு மனச்சுமை சுமந்தாள் என்பதெல்லாம் பிள்ளையின் எடையில் வந்து நிற்கிறது. எடை குறைந்து பிறந்த பெண் குழந்தை வளர்ந்து தாயாகும்போது, அவளுக்கும் சிறிய குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது. பாட்டி பட்ட பசி பேரப்பிள்ளை வரை வரலாம்.

இந்தியா உட்பட எட்டு நாடுகளில் நடந்த ஆய்வு ஒன்று 2014-இல் வெளியானது. நல்ல உணவும் மருத்துவக் கவனிப்பும் பெற்ற ஆரோக்கியமான தாய்மார்களின் வயிற்றில் குழந்தைகள் எல்லா நாட்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி நீளத்துக்கு வளர்கின்றன என்றது அது. 2015-இல் அமெரிக்காவில் வெளியான இன்னோர் ஆய்வு, ஆரோக்கியமான தாய்மார்களிடையேயும் இனத்துக்கு இனம் சிறு வேறுபாடு இருப்பதாகக் கூறியது. விவாதம் முடியவில்லை. ஆனாலும் இனத்தைச் சொல்லிச் சோதனையைத் தவிர்க்கலாம் என்று இரு தரப்பும் சொல்லவில்லை.

கேட்க வேண்டிய கேள்வி

2.4 கிலோவில் பிறந்த இரண்டு குழந்தைகளை நினைத்துப் பாருங்கள். ஒன்று 35 வாரத்தில் பிறந்தது. அதன் மாதத்துக்கு அந்த எடை சரிதான். ஆனால் மூச்சுவிடவும் பால் உறிஞ்சவும் அதற்கு இன்னும் முழு வலிமை வரவில்லை. மற்றது 39 வாரம் முடிந்து பிறந்தது. அது தாய் தந்தையைப் போல் இயல்பாகவே சிறிய உடல்வாகு கொண்டதாக இருக்கலாம். அல்லது நஞ்சுக்கொடி வழியாகப் போதிய உணவு கிடைக்காமல் வயிற்றிலேயே பட்டினி கிடந்ததாக இருக்கலாம்.

தராசு இந்த வேறுபாட்டைக் காட்டாது. எத்தனை வாரம், வயிற்றில் வளர்ச்சி எப்படி இருந்தது, தாய்க்கு இரத்தச் சோகையோ இரத்தக் கொதிப்போ இருந்ததா என்று கேட்டால்தான் தெரியும். மாதா மாதம் கிளினிக்கில் தாதி நாடா வைத்து வயிற்றை அளப்பது இதற்காகத்தான்.

எடை கூடினால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. 2009-இல் சிங்கப்பூரில் தொடங்கிய 'கஸ்டோ' ஆய்வில் சேர்ந்த கர்ப்பிணிகளில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்குக் கர்ப்பகால இனிப்பு நீர் இருந்தது. சர்க்கரை கட்டுப்படாத தாயின் குழந்தை நாலு கிலோவைத் தாண்டலாம். பிறந்த சில மணி நேரத்தில் அதன் இரத்தத்தில் சர்க்கரை திடீரென்று குறைந்துவிடலாம். கொழுகொழு பிள்ளைக்கும் கண்காணிப்பு தேவை.

மற்ற இனங்களுக்கும் அவரவர் கவலை உண்டு. 'ஜி6பிடி' என்னும் நொதிக் குறைபாடு மலேசியாவில் சீன, மலாய் ஆண் குழந்தைகளிடம் அதிகம். இதனால் கடுமையான மஞ்சள் காமாலை வந்து மூளை பாதிக்கப்படலாம். அதற்காக மருத்துவமனை இனம் பார்த்துச் சோதிப்பதில்லை. எல்லாக் குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தையும் சோதிக்கிறது. குறைபாடுள்ள இந்தியக் குழந்தை தப்பாமல் கண்டுபிடிக்கப்படுவது இதனால்தான். அப்படிப்பட்ட வீட்டில் துணி அலமாரிக்குப் பாச்சை உருண்டை கூடாது.

குடும்பம் செய்யக்கூடியது

இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை கறுத்துவிடும் என்பதும், அதிகம் சாப்பிட்டால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும் என்பதும் இன்னும் சில வீடுகளில் கேட்கும் பேச்சு. முதலாவதற்கு ஆதாரம் இல்லை; இரண்டாவதை நினைத்துத் தேவையான உணவைக் குறைக்கக் கூடாது. மாத்திரையைத் தவறாமல் சாப்பிட வேண்டும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சரியாகச் சேராது. சற்றுத் தள்ளிக் குடிக்கலாம். கர்ப்பம் என்று தெரிந்தவுடன் கிளினிக்கில் பதிந்துகொள்வது நல்லது.

சிறிய பிள்ளை பிறந்துவிட்டால் முதல் எதிரி குளிர். தாயின் மார்போடு தோலோடு தோலாக அணைத்து வைப்பது நல்ல மருத்துவம். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கிய இந்த முறையைப் பிறந்த உடனேயே தொடங்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்தது. முதல் சில நாளில் எடை கொஞ்சம் இறங்குவது இயல்பு. இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்குத் திரும்பாவிட்டாலும், பிள்ளை பால் குடிக்காமல் தூங்கியே கிடந்தாலும், மேனி மஞ்சளித்தாலும் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தாயைக் குறை சொல்வதும் தவறு. அவள் சாப்பிடாததால்தான் என்று ஒரு வரியில் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது என்பதைத்தான் மேலே பார்த்த ஆய்வுகள் காட்டுகின்றன.

அடுத்த முறை பிள்ளை பார்க்கப் போகும்போது, "நம்ம பிள்ளைங்க இப்படித்தான்" என்று சொல்ல வாய் வந்தால் சற்றே நிறுத்தி, "எத்தனை வாரத்தில் பிறந்தது? டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேளுங்கள். தாய்க்கு அது ஆறுதல். பிள்ளைக்கு அது பாதுகாப்பு.