நெப்போலியனை வென்றது பனியா, பசியா?

மாவீரன் நெப்போலியனை வென்றது ருஷ்யப் பனியே என்பர். அஃது உண்மையின் ஒரு பாதிதான். மறுபாதியை அறிய, அவனது தலைசிறந்த வெற்றியை முதலில் நோக்குதல் வேண்டும்.

1805 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாய்க் கரையிற் பாசறையிட்டிருந்த அவன் சேனை, ஒக்டோபரில் ஊல்ம் நகரை வளைத்து, ஆஸ்திரியத் தளபதி மாக்கைச் சரணடையச் செய்தது. டிசெம்பர் 2ஆம் நாள், அவன் முடிசூடி ஓராண்டு நிறைந்த அன்று, ஓஸ்டர்லிட்சில் ஆஸ்திரிய, ருஷ்யப் படைகள் ஒருங்கே முறிந்தன. இவ்வேகத்தின் இரகசியம் யாது? மாற்றார் உணவு வண்டிகளுக்காகக் காத்து ஊர்ந்தனர். பிரெஞ்சு வீரரோ வழியிலுள்ள ஊர்களிலேயே உணவைத் திரட்டிக்கொண்டு விரைந்தனர்.

1812 ஜூனில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட வீரரோடு நீமன் ஆற்றைக் கடந்தான். ஒரே பெரும் போரில் ருஷ்யாவைப் பணியவைக்கலாம் என்பது அவன் எண்ணம். ருஷ்யரோ களஞ்சியங்களைக் கொளுத்திவிட்டுப் பின்வாங்கினர். ஆயத்தஞ் செய்த உணவு வண்டிகள் பின்தங்கின, ஊர்களும் அரிதாயின. பனி வீழுமுன்னரே பசியும் நோயும் பல்லாயிரவரைப் பலிகொண்டன.

செப்டெம்பர் 14இல் மொஸ்கோவை அடைந்தான், நகர் தீக்கிரையாயிற்று. சமாதானத்தை எதிர்நோக்கி ஐந்து வாரங் காத்திருந்தான்; சார் மன்னன் அலெக்சாந்தர் இணங்கவில்லை. ஒக்டோபர் 19இல் புறப்பட்ட சேனை, முன்பு தான் சூறையாடிய பாதைக்கே தள்ளப்பட்டது. அதன் பின்னரே கடும்பனி வந்தது.

1813இல் லைப்சிக், 1815இல் வாட்டர்லூ எனத் தோல்விகள் தொடர்ந்தன. ஒருமுறை வென்ற வழி எங்கும் வெல்லும் என நம்பியதே அம்மாவீரனின் பிழை.