காதுக்குறும்பி: குடையாமல் காப்போம்

நவம்பர் மாதம் பிறந்தால் வாழ்நாள் சான்று அளிக்க வரும் ஓய்வூதியர்களால் வங்கிக் கிளைகள் நிறைந்துவிடும். தில்லியில் நாம் பணியாற்றிய காலத்தில் அவ்வாறு வந்த மூத்த வாடிக்கையாளர் ஒருவர், தமது வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே முடித்துத் தருமாறு கேட்டார். காரணம் வினவினோம், கேள்வி அவர் செவியில் விழவில்லை. மும்முறை உரக்கக் கேட்ட பின்னரே, காது கேட்கும் கருவி வாங்குவதற்காக என்றார். அவரது கணக்கின் இருப்பை வரிசையில் நின்றோர் அனைவரும் அறியும்படி கூவிச் சொல்ல நேர்ந்தது நமக்கே கூச்சத்தைத் தந்தது.

மருத்துவரைப் பார்த்தீர்களா என்று தாளில் எழுதிக் கேட்டோம். "வயதாகிவிட்டதல்லவா, இதற்கு மருத்துவர் எதற்கு?" என்றார். முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரைக் கண்டு வருமாறு கேட்டுக்கொண்டோம். பத்து நாள் கழித்து வந்தவர் இயல்பான குரலில் பேசினார். இரு காதுகளிலும் குறும்பி இறுகி அடைத்திருந்ததாம். வயதினால் வந்த சிறு குறைவு எஞ்சியிருப்பினும், கருவி உடனே தேவையில்லை என்று மருத்துவர் கூறிவிட்டாராம். வைப்புத்தொகை முதிர்வு நாள் வரை அப்படியே இருந்தது.

குறும்பி அழுக்கன்று

செவிக்குழலின் வெளிப்பகுதியிலுள்ள சுரப்பிகளே குறும்பியைச் சுரக்கின்றன. அது தூசியைத் தடுத்து, தோலை உலராமல் காத்து, கிருமிகளையும் ஓரளவு எதிர்க்கிறது. செவிக்குழலின் தோல் உள்ளிருந்து வெளிநோக்கி மெல்ல நகர்வதாலும், மெல்லும்போது தாடை அசைவதாலும் பழைய குறும்பி தானாகவே வெளியேறும். ஆகவே பெரும்பாலோர்க்குக் காதைத் தூய்மை செய்யும் வேலையே இல்லை.

வரிசையில் காத்திருக்கும்போது சாவி, ஊக்கு, பேனா மூடி எனக் கைக்குக் கிடைத்ததைக் காதில் விடுவோரை நாம் நாள்தோறும் காண்கிறோம். பஞ்சுக்குச்சியும் இவற்றிற்கு விலக்கன்று. நுனியில் ஒட்டுவது சிறிது. உள்ளே தள்ளப்படுவதே மிகுதி. பெரியவர்களின் செவிக்குழல் ஏறத்தாழ 2.5 செ.மீ. நீளமே உடையது, அதன் முடிவில் மெல்லிய செவிப்பறை இருக்கிறது. கை சற்றே இடறினால் அது கிழியக்கூடும். நம் மூத்த வாடிக்கையாளரும் நாள் தவறாமல் பஞ்சுக்குச்சி பயன்படுத்தியவரே.

அடைப்பு ஏற்பட்டால்

காது மந்தம், அடைத்தாற்போன்ற உணர்வு, இரைச்சல், அரிப்பு, சில வேளைகளில் இருமல் ஆகியவை அடைப்பின் அறிகுறிகள். முதியோருக்கும் காது கேட்கும் கருவி அணிவோருக்கும் இது மிகுதி.

சீழ், வலி, செவிப்பறைத் துளை, முன்பு செய்த காது அறுவை ஆகியவை இல்லாதோர், அறை வெப்பநிலையிலுள்ள ஆலிவ் எண்ணெயையோ, மருந்தகத்தில் கிடைக்கும் சோடியம் பைகார்பனேட் சொட்டு மருந்தையோ 2 அல்லது 3 துளிகள் விட்டு, சில நிமிடங்கள் ஒருக்களித்துப் படுக்கலாம். 3 முதல் 5 நாள்கள் இவ்வாறு செய்தால் குறும்பி இளகும். தொடக்கத்தில் அடைப்பு சற்றுக் கூடியதுபோல் தோன்றலாம். இளகாவிடில் மருத்துவர் வெதுவெதுப்பான நீரால் கழுவியோ உறிஞ்சுகருவியாலோ அகற்றிவிடுவார்.

தவிர்க்க வேண்டியவை

பூண்டு போட்டுக் காய்ச்சிய சூடான எண்ணெயும், காது மெழுகுவத்தியும் தீக்காயத்தை உண்டாக்கலாம். பழைய தில்லியின் தெருக்களில் செந்தலைப்பாகையும் கம்பியுமாக வலம் வரும் காது சுத்தம் செய்வோரிடம் கைத்திறன் இருக்கலாம்; ஆனால் உள்ளே நோக்கும் கருவியும் தூய்மைப்படுத்திய கம்பியும் இருக்குமென எதிர்பார்க்க இயலாது. நீரிழிவு உள்ளோர்க்குக் காதில் ஏற்படும் சிறு கீறலும் கடுந்தொற்றாக மாறக்கூடும்.

ஒரு காது திடீரெனக் கேளாமற்போனால், குறும்பிதான் என்று எண்ணிக் காத்திருத்தல் கூடாது. அது உள்செவியின் கோளாறாகவும் இருக்கலாம். அன்றே மருத்துவரை அணுகுக.

வாடிக்கையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். கவுன்டரில் நாங்கள் சொல்வது கேட்கவில்லையெனில் தயங்காது தாளை நீட்டுங்கள், எழுதித் தருவோம். தங்கள் கணக்கு விவரம் தங்களுக்கு மட்டுமே உரியது.