ஒகியா மலையெலி

எலியென்றதும் களஞ்சியத்தைக் கொள்ளையிடும் பகையாகவே மக்கள் அதனை எண்ணுவர். பதுளை மாவட்டத்து ஒகியா மலையெலியோ வேறு வகையினது. அது குளிர்மலைக் காட்டுக்கு உரியது. மேனி சாம்பல் நிறம், வயிறு வெண்மை.

ஊவா மாகாணத்து மேற்கு ஹப்புத்தளைத் தோட்டத்தில், 6,000 அடி உயரத்தில் கிடைத்த இவ்வெலியை, தோட்டத்துரையும் விலங்கியல் ஆய்வாளருமான டபிள்யூ. டபிள்யூ. ஏ. பிலிப்ஸ் 1929இல் முதன்முதலாக விவரித்தார். அவர் அதனை வீட்டெலிகள் அடங்கிய ராட்டஸ் பேரினத்திற் சேர்த்தார். 1981இல் அமெரிக்க அறிஞர் கை மஸ்ஸர், மண்டையோட்டையும் பற்களையும் ஒப்புநோக்கி, ஸ்ரீலங்காமிஸ் என்னும் தனிப் பேரினத்தை அதற்கென அமைத்தார். இமயமலை முதல் தென்கிழக்காசியா வரை வாழும் வெண்வயிற்றெலிகள் அதற்கு நெருங்கிய உறவினவாகக் கருதப்படுகின்றன.

பல்லுக்கு ஏன் இத்துணை மதிப்பு? சிற்றெலும்புகள் மண்ணில் எளிதில் சிதையும்; கடைவாய்ப்பல்லோ நிலைத்து நிற்கும். பாகிஸ்தானின் சிவாலிக் படிவுகளிற் கிடைத்த ‘அன்டிமஸ்’ என்னும் தொல்லெலியின் பற்கள் ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் ஆண்டுப் பழமையுடையன. மேற்கடைவாய்ப்பல்லில் இருவரிசையாயிருந்த முகடுகள் மூவரிசையாக மாறத் தொடங்கியமையை அவை காட்டுகின்றன. அம்மூவரிசையே இன்றைய எலிக்குலத்தின் அடையாளம்.

ஸ்ரீலங்காமிஸ் பேரினத்தில் உள்ள இனம் ஒன்றே. அதுவும் இலங்கையில் மட்டுமே உண்டு. கோப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்கும் வெட்டப்பட்டு எஞ்சிய மலைக்காடுகளே அதன் புகலிடம். அவையும் அழியுமாயின், ஓரினத்தோடு ஒரு பேரினமே உலகைவிட்டு நீங்கிவிடும்.