இல்லாத நூலும் ஏட்டுச் சுவடியும்



சென்ற ஆண்டு இளம் ஆய்வாளர் ஒருவர், ஈழத்துச் சிறுகதை பற்றிய தமது கட்டுரையைச் செம்மைப்படுத்தித் தரும்படி என்னிடம் கொடுத்தார். நடை தங்குதடையின்றி ஓடியது. ஆனால் உசாத்துணைப் பட்டியலில் இருந்த ஒரு நூலின் பெயர் என்னைத் தடுத்து நிறுத்தியது. ஆசிரியர் எனக்கு நன்கு தெரிந்தவர். நூலோ நான் கேள்விப்படாதது. நூலகங்களில் தேடினேன். அவருடைய நண்பர்களிடம் விசாரித்தேன். அப்படியொரு நூலை அவர் எழுதவேயில்லை.

கேட்டபோது ஆய்வாளர் தயக்கத்துடன் சொன்னார்: "சேர், அது கணினி தந்தது."

2022 நவம்பர் 30ஆம் திகதி சாட்ஜிபிடி பொதுமக்களின் பாவனைக்கு வந்தது. இத்தகைய கருவிகள், ஏராளமான எழுத்துகளிலிருந்து கற்றுக்கொண்டு, அடுத்து எந்தச் சொல் பொருந்தும் என்று கணித்து எழுதிச் செல்பவை. அதனால் உள்ள நூலையும், இருந்திருக்கக்கூடிய நூலையும் அவை ஒரே உறுதியோடு சொல்லிவிடக்கூடும். 2023 ஜூனில் நியூ யோர்க் நீதிமன்றமொன்று, இக்கருவி புனைந்த வழக்குகளை மேற்கோள் காட்டிய சட்டத்தரணிகளுக்கு 5,000 டொலர் தண்டம் விதித்தது. தண்டம் செலுத்த வேண்டியிருந்தது மனிதர்களே, கருவியல்ல.

ஆய்வுலகின் முதலாவது ஆட்சேபம் இதுதான். எழுதியதற்குப் பொறுப்பேற்க இயலாத ஒன்று ஆசிரியராக இருக்க முடியாது. 'நேச்சர்' சஞ்சிகை 2023 ஜனவரியிலேயே இதனை அறிவித்தது. கருவியைப் பயன்படுத்தினால் கட்டுரையில் அதனை வெளிப்படுத்த வேண்டும் என்றும் கூறியது.

இரண்டாவது ஆட்சேபம் இரகசியம் பற்றியது. வெளிவராத கட்டுரையை ஒருவர் நம்பிக்கையோடு நம்மிடம் தருகிறார். அதை அவரைக் கேளாமல் வேறொரு நிறுவனத்தின் கருவிக்குள் இடுவது அந்த நம்பிக்கையை மீறுவதாகும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகம், ஆய்வு நிதி விண்ணப்பங்களை மதிப்பிடுவோர் இவ்வாறு செய்யக் கூடாதென 2023இல் தடை விதித்தது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆங்கிலம் தாய்மொழியல்லாத ஆய்வாளருக்கு மொழி திருத்த உதவி தேவை. பணம் கொடுத்துத் திருத்துவிக்க எல்லோராலும் இயலாது. கணினி எழுத்தைக் கண்டுபிடிப்பதாகக் கூறும் கருவிகளும் நியாயமாக நடப்பதில்லை. 2023இல் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியல்லாதோர் எழுதிய 91 கட்டுரைகளைக் கொண்டு ஏழு கருவிகளைச் சோதித்தனர். சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவை கணினி எழுதியவை எனத் தவறாகச் சுட்டப்பட்டன.

ஆகவே, உதவி பெறுவதை நான் குற்றமாகக் கருதவில்லை. எழுத்துப் பிழையைத் திருத்துவது வேறு. கருத்தையும் சான்றையும் கடன் வாங்கி அதை மறைப்பது வேறு. பெற்ற உதவியைச் சொல்லிவிட வேண்டும். பெயர் போட்டவர் ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்ல வேண்டும்.

இது நமக்குப் புதிய அறமுமல்ல. 1887இல் சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியையும் பதிப்பித்தார்கள். செல்லரித்த ஏடுகளில் சிதைந்த இடங்களைத் தம் புலமையால் நிரப்பிவிடுவது அவர்களுக்கு எளிது. ஆனால் ஐயர் பாடபேதங்களைக் காட்டினார். ஏடு தந்தவர்களின் பெயர்களைக் குறித்தார். உரையில் வரும் மேற்கோள் எந்த நூலுக்குரியது என்று தெரியாதபோது, 'விளங்கா மேற்கோள்' எனத் தனியே பட்டியலிடுவதும் அவர் பதிப்புகளில் உண்டு. தெரியாததைத் தெரியாது என்று அச்சிட்டது அந்தப் புலமை. அந்த ஒரு சொல்லைத்தான் கணினி பல வேளைகளில் சொல்லத் தவறுகிறது.

அந்த இளைஞர் இரண்டு மாதம் கழித்து மீண்டும் வந்தார். கட்டுரை பாதியாகக் குறைந்திருந்தது. சில வாக்கியங்கள் தடுமாறின. உசாத்துணையில் ஒன்பது நூல்கள் மட்டுமே இருந்தன. ஒன்பதையும் அவர் வாசித்திருந்தார். இம்முறை அதைத் திருத்திக் கொடுப்பது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.