சிறு வண்டியும் மலைப் பாதையும்

ஜப்பானின் ஹொண்டா நிறுவனம் 1958ஆம் ஆண்டில் வெளியிட்ட சூப்பர் கப், 49 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய இயந்திரங் கொண்ட சிறு வண்டி. கையால் இயக்கும் கிளச்சு அதற்கில்லை. துவிச்சக்கர வண்டிபோல் இலேசாக வளையும். நகர நெரிசலுக்கு ஏற்றது.

ஆயின், 1,891 மீற்றர் உயரத்தில் புகையிரத நிலையம் அமைந்துள்ள பட்டிப்பொலவில் அது தளர்வதேன்? இங்கே காற்றழுத்தம் கொழும்பைவிட ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைவு. காற்றுக் குறைய எரிதலுங் குறையும். எரிதல் குறைய வலுவுங் குறையும். ஆதலால், ஏற்றத்தில் கீழ்க் கியரையே நாடுதல் வேண்டும்.

இறக்கமோ இதனினும் கவனத்திற்குரியது. பிரேக்கை மட்டும் நம்பி நெடுந்தூரம் இறங்கினால், அது சூடேறிப் பிடிப்பிழக்கும்; மூடுபனியில் உயிருக்கே கேடாகலாம். ஏறிய கியரிலேயே இறங்குக. இயந்திரமே வேகத்தைத் தடுத்து உதவும்.